சம்படத்துக்குள் ஏழு வாட் பல்பு

எங்கள் வீட்டு டெக்கில், அதாவது வெளியே உள்ள மரத்தளத்தில், ஹம்மிங்பேர்டு என்ற குட்டிப் பறவைக்கான சர்க்கரைத் தண்ணீர்த் தட்டு ஓர் எவர்சில்வர் சம்படத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஒரு காலத்தில் அந்தச் சம்படத்தில் உளுத்தம்பருப்பு இருந்தது. இப்போது அடியில் ஐந்து துளை, பக்கத்தில் ஒரு துளை, உள்ளே ஒரு குட்டி பல்பு. அது இப்படி ஆன கதையை எழுதி வைக்கிறேன். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு நான் வீணாக்கிய மூன்று வாரமாவது மிச்சமாகட்டும்.

இடம் அமெரிக்காவின் நார்த் கரோலினா, ராலி நகரை ஒட்டிய புறநகர். கோடையில் இங்கே வருவது செந்தொண்டை ஹம்மிங்பேர்டு, அதாவது ரூபி த்ரோட்டட். ஏப்ரல் தொடக்கத்தில் வரும். ஆகஸ்டில் ஆண்கள் முதலில் கிளம்பும், பின்னாலேயே பெண்களும் அந்த வருஷத்துக் குஞ்சுகளும். அக்டோபர் முதல் வாரம் தாண்டினால் பெரும்பாலும் தட்டுக்கு ஆள் கிடையாது.

பக்கத்து வீட்டு அம்மையார் வருஷா வருஷம் ஒரு எச்சரிக்கை கொடுப்பார். செப்டம்பர் முதல் திங்கட்கிழமை, லேபர் டே விடுமுறை வந்ததும் தட்டை எடுத்துவிட வேண்டுமாம். இல்லாவிட்டால் பறவை சோம்பேறியாகி இங்கேயே தங்கிக் குளிரில் செத்துவிடுமாம். நல்ல மனசுதான், ஆனால் விஷயம் தவறு. பறவையைக் கிளப்புவது பகல் நீளம் குறைவதும், அதையொட்டி உடம்புக்குள் நடக்கும் மாற்றமும். சுமார் 3 கிராம் எடையுள்ள பறவை கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும்வரை கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும். அவற்றில் பல, மெக்ஸிகோ வளைகுடாவை ஒரே மூச்சில் கடக்கும், சுமார் 800 கிலோமீட்டர். மெஸ் திறந்திருக்கிறது என்பதற்காக யாராவது தீபாவளிக்கு ஊருக்குப் போகாமல் இருப்பார்களா?

தட்டை விட்டு வைப்பதில் லாபம் வேறு. தாமதமாகக் கிளம்பியவை, வடக்கேயிருந்து இளைத்து வருபவை எல்லாம் அக்டோபரில் இந்த வழியாகப் போகும். அதற்குப் பிறகு, அதிர்ஷ்டம் இருந்தால், மேற்கிலிருந்து ஒன்று வழிமாறி வரும். ரூஃபஸ் என்ற செம்பழுப்பு இனம் அமெரிக்காவின் வடமேற்கிலும் கனடாவிலும் தெற்கு அலாஸ்கா வரையிலும் கூடு கட்டுவது. பெரும்பாலானவை மெக்ஸிகோவுக்குப் போகும். ஒரு சில மட்டும் கிழக்கே வந்து, இங்கேயே குளிர்காலத்தைக் கழித்துவிடும். அந்த ஒன்றுக்காகத்தான் 2022இல் தட்டை எடுக்கவில்லை.

அந்த வருஷம் செப்டம்பர் நடுவில் அம்மா வந்திருந்தாள். தூத்துக்குடிப் பக்கம் எங்கள் ஊர். ஆறு மாதம் தங்கப் போகிறவள், வந்த மறுநாளே காலை நாலரைக்கு எழுந்து சமையலறை விளக்கைப் போட்டாள். இந்தப் பழக்கம் பிறகு எவ்வளவு உதவப் போகிறது என்று அப்போது தெரியாது.

"தேன்சிட்டுதானே இது? நம்ம செம்பருத்தியில நிக்குமே" என்றாள். இல்லை, இது வேறு குடும்பம், இந்தியாவில் ஹம்மிங்பேர்டே கிடையாது என்றேன். தேன்சிட்டு பெரும்பாலும் கிளையில் உட்கார்ந்துதான் குடிக்கும், இது அந்தரத்தில் நின்று குடிக்கும், பின்பக்கமாகவும் பறக்கும் என்று விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டாள். ஆனால் கடைசிவரை குருவி என்றுதான் சொன்னாள்.

சர்க்கரைத் தண்ணீர் விஷயத்தில் எங்களுக்குள் ஒரு சின்ன வாக்குவாதம். ஒரு கப் வெள்ளைச் சர்க்கரைக்கு நாலு கப் தண்ணீர், வேறு எதுவும் வேண்டாம். சிவப்புச் சாயம் தேவையே இல்லை, தட்டில் இருக்கும் சிவப்பு போதும். அம்மாவுக்கு வெள்ளைச் சர்க்கரை என்றாலே விஷம். "கருப்பட்டி கொண்டாந்திருக்கேன், அதைக் கரைச்சு ஊத்து" என்றாள். கருப்பட்டியிலும் நாட்டுச்சர்க்கரையிலும் நமக்கு நல்லது என்று நாம் சொல்லும் இரும்புச் சத்துதான் இந்தப் பறவைக்கு ஆகாது. தேன் போட்டால் சீக்கிரம் புளித்துப் பூஞ்சை பிடிக்கும். "குருவிக்குப் போயி வெறும் சீனித்தண்ணியா" என்று முணுமுணுத்துக்கொண்டே கலக்கிக் கொடுத்தாள்.

அக்டோபர் முழுக்க வந்தது மஞ்சள் குளவிதான். அப்போது எங்களிடம் இருந்தது தலைகீழாகத் தொங்கும் பாட்டில் வகை. வெயில் ஏறினால் பாட்டிலுக்குள் மேலே இருக்கும் காற்று விரியும், அந்த அளவுக்குத் தண்ணீர் கீழே சொட்டும், அதற்குக் குளவி கூடும். சாஸர் போன்ற தட்டு வகைக்கு மாறினேன். இதில் தண்ணீர் துளைக்குக் கீழே தாழ்வாக நிற்கும். ஹம்மிங்பேர்டின் நாக்கு எட்டும், குளவியின் வாய் எட்டாது. குளவிக்காக மாற்றினேன், ஆனால் பிறகு சூடாக்க வேண்டி வந்தபோது இந்த மாற்றம்தான் காப்பாற்றியது. பாட்டிலைக் கீழேயிருந்து சூடாக்கினால் ராத்திரி முழுக்க ஒழுகிவிடும். தட்டை, தோசைக்கல் மாதிரி அடியிலிருந்து சூடாக்கலாம்.

நவம்பர் 13, ஞாயிறு. ஏழு மணிக்கு அம்மா கதவைத் தட்டினாள். "எய்யா, குருவி வந்துட்டு."

செந்தொண்டை இல்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது. முதுகு பச்சை, விலாவில் செங்கல் பொடியைத் தூவினது போல ஒரு நிறம், வாலின் அடியிலும் அதே. குரலும் வேறு, "டிக் டிக்" என்று கொஞ்சம் கடினமாக. பக்கத்தில் பூத்திருந்த சசான்குவா கமேலியாவில் போய் உட்கார்ந்துகொண்டு, தட்டு பரம்பரைச் சொத்து என்பது போலக் காவல் காத்தது.

சந்தோஷம் ஒரு வாரம்தான். 20ஆம் தேதி ராத்திரி கடுங்குளிர். காலையில் தட்டைத் தொட்டால் கல்.

இங்கே ஒரு கணக்குச் சொல்ல வேண்டும். சர்க்கரையைக் கூட்டினால் உறையாது என்று பலர் சொல்வார்கள். ஒரு கப் சர்க்கரை சுமார் 200 கிராம், நாலு கப் தண்ணீர் சுமார் 950 கிராம். பள்ளியில் படித்த உறைநிலைத் தாழ்வுச் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் இது உறைவது மைனஸ் 1.2 டிகிரி செல்சியஸ் வாக்கில். மூன்றுக்கு ஒன்று என்று கெட்டியாக்கினால் மைனஸ் 1.5. வித்தியாசம் அரை டிகிரிகூட இல்லை. குளிரில் பறவைக்குக் கொஞ்சம் கூடுதல் தெம்பு கிடைக்கலாம், அது வேறு விஷயம். மைனஸ் 5க்கு அது பதில் ஆகாது.

ராத்திரி உள்ளே எடுத்து வைத்து, காலையில் வெளியே வைத்தால் போதாதா? போதும், ஒருநாளும் தூங்கிப் போகாமல் இருந்தால். குளிர் ராத்திரியில் இந்தப் பறவை உடம்பையே அணைத்து வைத்துவிடும். நாற்பது டிகிரி வாக்கில் இருக்கும் உடல்சூடு வெகுவாக இறங்கும். பறக்கும்போது நிமிடத்துக்கு ஆயிரத்தைத் தாண்டக்கூடிய இதயத் துடிப்பு ஐம்பது வாக்குக்கு வந்துவிடும். விடியும்போது நடுங்கி நடுங்கியே தன்னைச் சூடேற்றிக்கொண்டு எழும். அதற்குள் இருப்பு எல்லாம் தீர்ந்திருக்கும். ஆக, வெளிச்சம் வந்த முதல் அரை மணி நேரத்தில் தட்டில் தண்ணீர் தண்ணீராக இருக்க வேண்டும். நான் செய்த அத்தனை வேலையும் அந்த அரை மணி நேரத்துக்காகத்தான். மத்தியானத்தில் உறைந்தால்கூடப் பார்த்து மாற்றிவிடலாம்.

முதல் முயற்சியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கிறிஸ்துமஸ் சீரியல் லைட்டைத் தட்டைச் சுற்றிக் கட்டினால் அந்தச் சூடு போதும் என்று எங்கோ கேட்ட ஞாபகம். பரணில் இருந்த சரத்தை எடுத்துச் சுற்றினேன். பார்க்க அம்மன் கோயில் கொடை போல ஜோராக இருந்தது. காலையில் ஐஸ். அது எல்இடி சரம். சூடு வராமல் இருப்பதுதான் எல்இடியின் பெருமையே. இந்தத் தந்திரம் பழைய இழை பல்புக்குத்தான் பொருந்தும்.

அடுத்த நாள் ஹார்டுவேர் கடையில் ராத்திரி விளக்குக்குப் போடும் 7 வாட் இழை பல்பும், வயரோடு கூடிய ஹோல்டரும் வாங்கினேன். கூடவே குளிரைப் பார்த்துத் தானே ஆன் ஆகும் ஒரு பிளக். 35 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு இறங்கினால், அதாவது செல்சியஸில் ஒன்றரைக்குச் சற்று மேலே, ஆன் ஆகும். 45க்கு ஏறினால் அணையும். பல்பை வைக்க ஒரு கூடு வேண்டும். பிளாஸ்டிக் கூடாது, மண்சட்டி கனம், கேக் தட்டில் ஆழமில்லை. சமையலறையில் கண்ணை ஓட்டினேன். அம்மா போன தடவை கொண்டுவந்த சம்படம், பதினைந்து சென்டிமீட்டர் அகலம், மூடி தட்டையாக, தட்டின் அடிக்கு அளவெடுத்தது போல. என் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "இதை நீங்க ஓட்டை போட்டதுக்கு அப்புறம் பருப்பை எதுல வைக்க?"

எவர்சில்வரில் துளை போடுவது பற்றி ஒரு வார்த்தை. வேகமாகச் சுற்றினால் அந்த இடம் சூடேறி இன்னும் கெட்டியாகிவிடும், அப்புறம் டிரில் பிட் வழுக்கிக்கொண்டே இருக்கும். நான் இரண்டு பிட்டைக் கருக்கிய பிறகுதான் புத்தி வந்தது. ஆணியால் ஒரு குழி தட்டிக்கொள்ளுங்கள். கோபால்ட் பிட், மெதுவான வேகம், நல்ல அழுத்தம், ஒரு சொட்டு எண்ணெய். நான் விட்டது தேங்காய் எண்ணெய். டெக் முழுக்கத் தாளித்த வாசனை. சம்படத்தின் பக்கத்தில் வயருக்கு ஒரு துளை, அதன் விளிம்பு வயரை அறுக்காமல் இருக்க ரப்பர் வளையம். அடியில் ஐந்து சின்னத் துளை, உள்ளே வேர்க்கும் ஈரம் இறங்க. வயர் உள்ளே நுழையும் முன் கீழே ஒரு தொங்கல் விட்டுத்தான் மேலே ஏற வேண்டும். அப்போதுதான் மழைத் தண்ணீர் வயரோடு வழிந்து பல்புக்குப் போகாமல் தொங்கலிலேயே சொட்டிவிடும். தட்டுக்கு மேலே ஒரு பூந்தொட்டித் தட்டைக் குடையாகக் கவிழ்த்தேன்.

அன்று ராத்திரி மாட்டிவிட்டு நிம்மதியாகப் படுத்தேன். ஐந்தரைக்குப் போய்ப் பார்த்தால் பல்பு எரியவில்லை, மறுபடியும் ஐஸ். பல்பு சரி, வயர் சரி. அரை மணி நேரம் மண்டையைக் குடைந்த பிறகு உறைத்தது. அந்தத் தானியங்கி பிளக்கை நான் கராஜுக்குள் சொருகி, அங்கிருந்து வயர் இழுத்திருந்தேன். பிளக் தான் இருக்கும் இடத்துக் குளிரைத்தான் பார்க்கும். கராஜில் 8 டிகிரி, அதன் கணக்கில் குளிரே இல்லை. டெக்கில் இருக்கும் சாக்கெட்டுக்கு மாற்றியதும் சரியானது. இறைச்சி வேகவைக்கும்போது குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டரைத் தட்டில் விட்டுப் பார்த்தேன். வெளியே மைனஸ் 4, தட்டில் 5 டிகிரி. காற்று அடித்தால் 2க்கு இறங்கியது. சம்படத்தைச் சுற்றி வெள்ளிக் காகிதம் ஒட்டிய குமிழ் உறையை இரண்டு சுற்று சுற்றியதும் 6இல் நின்றது.

டிசம்பர் முதல் வாரத்தில், பறவைகளுக்குக் கால்வளையம் போட உரிமம் பெற்ற ஒருவர் வந்தார். இந்த நாட்டில் 1918ஆம் வருஷத்து வலசைப் பறவைச் சட்டப்படி அனுமதியில்லாமல் யாரும் இதைப் பிடிக்கக் கூடாது. தட்டை ஒரு கம்பிக் கூண்டுக்குள் வைத்து, கதவின் நூலைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். ஐந்து நிமிடத்தில் மாட்டியது. வால் இறகைப் பிரித்து வடிவம் பார்த்து ரூஃபஸ்தான் என்றார். ஆலன்ஸ் என்று அச்சாக இதைப் போலவே இன்னொரு இனம் இருப்பதால், கையில் பிடித்து இறகைப் பார்த்தால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியுமாம். லென்ஸ் வைத்து அலகைப் பார்த்து, அதில் மெல்லிய கீறல்கள் இருப்பதால் இந்த வருஷம் பிறந்தது, பெண் என்றார். எடை 3.8 கிராம். இங்கே ஒரு சென்ட் காசு இரண்டரை கிராம், ஐந்து சென்ட் காசு ஐந்து கிராம், அதற்கு நடுவே. வளையம் போட்டு, விடுவதற்கு முன் கையில் வைத்தபடியே தட்டில் குடிக்க வைத்தார்.

புளோரிடாவின் டாலஹாஸியில் 2010 ஜனவரியில் வளையம் போட்ட ரூஃபஸ் ஒன்று அதே ஜூனில் அலாஸ்காவின் செனேகா பே என்ற இடத்தில் பிடிபட்டதாம், 5,600 கிலோமீட்டருக்கு அப்பால். அவர் சொன்னதை அம்மாவுக்கு மொழிபெயர்த்தேன். அம்மா பறவையைப் பார்த்தாள், பிறகு சம்படத்தைப் பார்த்தாள். "அதுக்கு மூடி சரியா உக்காரலை பாரு" என்றாள்.

அடுத்த சோதனை டிசம்பர் 22, மழை. ராத்திரி நடுவே பல்பு அணைந்தது. டெக் சாக்கெட் ஈரம் பட்டால் தானே கரண்டை நிறுத்திக்கொள்ளும் வகை. நீட்டிப்பு வயரின் இணைப்பு தரையில் தண்ணீரில் கிடந்தது. தப்பு சாக்கெட்டுடையது இல்லை, அது செய்ய வேண்டியதைச் செய்தது. இணைப்பை ஒரு பிளாஸ்டிக் டிபன் டப்பாவுக்குள் விட்டு, வயர் இரண்டும் அடிப்பக்கமாக வெளியே வரும்படி நோட்ச் வெட்டி, கைப்பிடிச் சுவரில் தொங்கவிட்டேன். 23ஆம் தேதி காலை இதமாக இருந்த காற்று பிறகு திரும்பி, மணிக்கு மணி குளிர் இறங்கிக்கொண்டே போனது. நாடு முழுக்கப் பேசப்பட்ட அந்தக் கிறிஸ்துமஸ் குளிர் அது.

24 காலை என் வெப்பமானியில் மைனஸ் 11. ஏழு வாட் தாக்குப்பிடிக்காது என்று முந்தின ராத்திரியே இன்னொரு ஹோல்டரை வைத்துப் பதினாலாக்கி இருந்தேன். தட்டில் 3 டிகிரி. பரவாயில்லை என்று காபி போட உள்ளே வந்தேன். ஆறே முக்காலுக்குக் கரண்ட் போனது.

கரோலினா மாநிலங்கள் இரண்டிலும் தேவை எகிறி, பகுதி பகுதியாகச் சுழற்சி முறையில் மின்சாரத்தை நிறுத்தினார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. முன்னறிவிப்பு ஒன்றும் எங்களுக்கு வரவில்லை. அம்மாவுக்கோ முகமெல்லாம் சிரிப்பு. "அமெரிக்காவுலயும் கரண்டு கட்டா!"

நான் இன்வெர்ட்டர், கார் பேட்டரி என்று யோசித்துக்கொண்டு நிற்கையில் அவள் தீக்குச்சி கிழித்து கேஸ் அடுப்பைப் பற்றவைத்து வெந்நீர் போட்டுவிட்டாள். பிளக்கைப் பிடுங்கி, சம்படத்திலிருந்து பல்பை எடுத்துவிட்டு, கொதிக்கிற தண்ணீரை மூடி போட்ட ஒரு தூக்குச்சட்டியில் ஊற்றி உள்ளே இறக்கினோம். கரண்ட் வருவதற்குள் மூன்று தடவை வெந்நீர் மாற்ற வேண்டியிருந்தது. முதல் சட்டி இறக்கிய கொஞ்ச நேரத்தில், சூரியன் இன்னும் எழும்பாத நீல வெளிச்சத்தில், பறவை வந்தது. வழக்கம்போல அந்தரத்தில் நிற்கவில்லை. விளிம்பில் உட்கார்ந்து, உடம்பை உப்பிக்கொண்டு, ரொம்ப நேரம் குடித்தது.

அதற்குப் பிறகு பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு தட்டு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போட்டோம். சூடாக்கும் தட்டில் தண்ணீர் சீக்கிரம் கெடும் என்பதால் மூன்று நாளுக்கு ஒருமுறை வெந்நீரில் கழுவினோம். சர்க்கரை மட்டுமே அதற்குச் சாப்பாடு இல்லை. வெயில் வந்த நாட்களில் காற்றில் மிதக்கும் பொடிப் பூச்சிகளைப் பிடித்தது. மரங்கொத்தி வகையைச் சேர்ந்த சாப்சக்கர் மேப்பிள் மரத்தில் வரிசையாகப் போட்டு வைத்த துளைகளில் கசியும் சாற்றையும் போய் நக்கியது.

கடைசியாகப் பார்த்தது 2023 மார்ச் 8. அம்மாவின் விமானம் 12ஆம் தேதி. "அதுக்கும் ஆறு மாச விசாதான் போல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இப்போது சம்படத்தில் சில மாற்றம் செய்திருக்கிறேன். இரண்டு ஹோல்டரும் நிரந்தரம், மைனஸ் 6க்குக் கீழே போகும் என்றால் மட்டும் இரண்டாவது பல்பைத் திருகுகிறேன். ஒரு பல்பு ஃபியூஸானாலும் இன்னொன்று கைவசம். மூடியை அம்மா சொன்னபடி அழுத்தி நிமிர்த்தியாகிவிட்டது. அதற்குப் பிறகு தட்டுக்குச் சூடு ஒரே சீராக ஏறுகிறது, அவள் சொன்னது சரிதான்.

2023 அக்டோபரில் மறுபடி மாட்டினேன். வளையம் போட்ட பறவை அதே தோட்டத்துக்குத் திரும்பி வருவது உண்டு என்று வளையம் போட்டவர் சொல்லியிருந்தார். நவம்பர் போனது, டிசம்பர் போனது. வாரத்துக்கு ஒருமுறை யாரும் தொடாத சர்க்கரைத் தண்ணீரைக் கொட்டி, புதிதாக ஊற்றினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா போன் பண்ணுவாள். குருவி வந்ததா என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. "தண்ணியை மாத்துனியா?" என்றுதான் கேட்பாள்.